முதலில் வேண்டியது அட்டவணைப் படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியில் சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை அகற்றிவிட்டுப் பழையபடி புல்வெளியையும் சோலையையும் மீட்கும் பணி பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். பணி நல்லதே. ஆனால் எந்தச் சரிவில் புல் இருந்தது, எந்த மடிப்பில் சோலை இருந்தது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று செய்தியில் இல்லை. நிலப்பரப்பைப் படமெடுக்கும் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972-இல்தான் விண்ணுக்குப் போனது. அதற்குள் இங்கே பல புல்வெளிகளில் சீகை வளர்ந்து நின்றது. குந்தா மின்திட்டத்தின் அணைகள் எழும்பி எமரால்டு, அவலாஞ்சிப் பள்ளத்தாக்குகள் நீருக்குள் போயிருந்தன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமும் வந்துவிட்டது. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டதாகக் கண்டார்கள். அந்தக் கணக்கும் 1973-இல்தான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முந்தைய மலையைக் காட்டக்கூடியவை விமானத்திலிருந்து எடுத்த வான்வழிப் படங்கள். பல ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் வரைவாளராக இருந்த நான் அவற்றைக் கையாண்டிருக்கிறேன். பக்கத்துக்கு 23 செ.மீ. கொண்ட சதுரப் படம். ஓரத்தில் எடுத்த நேரத்தைக் காட்டும் சிறு கடிகாரம், உயரமானி, படத்தின் எண். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 60 சதவீதம் பொதுவான நிலம் இருக்கும்படி எடுத்திருப்பார்கள். அந்த இரண்டையும், இரு படங்களை ஒன்றாக்கி முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்துச் சற்று நகர்த்தினால் மலை சட்டென்று எழுந்து நிற்கும். புல்வெளி வெளுத்து வழவழவென்று கிடக்கும். சோலை மடிப்புகளில் சுருட்டை முடிபோல் அடர்ந்திருக்கும். வரிசையாக நட்ட காடு சீப்பு இழுத்ததுபோல் தெரியும். இந்த வேறுபாட்டைக் காண நிபுணர் தேவையில்லை.

சென்ற ஆண்டு அந்தப் படங்களை மீண்டும் பார்க்கக் கேட்டேன். கட்டுகள் இருக்கின்றன, ஆனால் அட்டவணைப் படம் கிடைக்கவில்லை என்றார்கள். விமானம் எந்தக் கோட்டில் பறந்தது, எந்த எண்ணுள்ள படம் எந்த ஊரைக் காட்டுகிறது என்று குறித்த தாள் அது. அது இல்லாமல் ஆயிரம் படங்கள் இருந்தும் பயனில்லை. இம்மலையின் ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிலிம் சுருளாக இருந்தால் கெடுதல் இன்னும் வேகம். அசிட்டேட் பிலிம் கெடத் தொடங்கினால் வினிகர் வாடை வீசும் என்பதை உதகை இந்து நகர் பிலிம் ஆலையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். தேசத்துக்கே பிலிம் செய்து அனுப்பிய ஊரில் இப்படி என்பது வருத்தம்தான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாக நூலகத்தில் சுமார் 25 லட்சம் வான்வழிப் படங்கள் உள்ளன. அவற்றைச் சிறிது சிறிதாக மின்னுருவாக்கி, இணையத்தில் ஒரு வரைபடத்தைத் தொட்டால் அந்த இடத்தின் பழைய படங்கள் வரும்படி செய்திருக்கிறார்கள். நாமும் முதலில் செய்ய வேண்டியது பறப்புக் கோடுகளை வரைபடத்தில் ஏற்றுவதுதான். ஸ்கேனர் வாங்குவது அதற்குப் பிறகு. அதையும் அலுவலக ஜெராக்ஸ் இயந்திரத்தில் முடித்துவிடக் கூடாது. அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் என்று எடுத்தால், 1:25,000 அளவிலான படத்தில் தரையில் அரை மீட்டர் வரை பிரித்தறியலாம். ஒரு படம் 100 மெகாபைட்டைத் தாண்டும் என்றாலும் இன்று அது பெரிய சுமையன்று. மேடுபள்ளமான நமது மாவட்டத்தில் இன்னொரு வேலையும் உண்டு. விமானத்துக்கு அருகில் வரும் சிகரம் படத்தில் பெரிதாகவும் பள்ளத்தாக்கு சிறிதாகவும் விழுவதால், உயரத்துக்கேற்பத் திருத்தாமல் இன்றைய வரைபடத்தின் மேல் வைத்தால் ஓடையும் சரிவும் இடம் மாறி நிற்கும். அந்தத் தவறோடு மரம் வெட்டினால் சோலை இருந்த இடத்தில் புல்லை நடுவார்கள்.

பாதுகாப்புக் காரணம் சொல்லித் தட்டிக்கழிக்கும் பழக்கம் உண்டு. நிலவரைபடத் தரவுகளுக்கான விதிகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் வெகுவாகத் தளர்த்தியுள்ளது. அறுபது ஆண்டுக்கு முந்தைய புல்வெளியில் மறைக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பழைய நூல்களை மின்னுருவாக்கி வரும் தமிழ் இணையக் கல்விக்கழகம் துறை அலுவலகங்களிலிருந்து இவற்றைப் பெற்று, உதகை மாவட்ட மைய நூலகத்தில் ஒரு பிரதியை வைக்கலாம். ஹட்டியிலும் (படகர் ஊர்) மந்திலும் (தோடர் குடியிருப்பு) உள்ள பெரியவர்கள் அங்கே வந்து பார்த்தால், படத்தில் தெரியும் ஒற்றையடிப் பாதைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் பெயர் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

தொலைந்த அட்டவணையைப் படங்களின் ஓர எண்களைக் கொண்டே திரும்ப வரைந்துவிட முடியும். யாரேனும் கட்டுகளைப் பிரித்துக் கொடுத்தால், கண்பார்வை இருக்கும்வரை அந்த வேலைக்கு ஊதியமின்றி வர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர்,
கோத்தகிரி.