மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், இரண்டு வலி மாத்திரைகளை ஒருபோதும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று ஒரு வரி வந்திருந்தது. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை அந்த வரி தடுத்திருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் அப்பாவுக்கு 68 வயது. மூட்டு வலிக்குக் காலையும் இரவும் ஒரு மாத்திரை. நடுவில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. பல் மருத்துவர் மூன்று வேளைக்கு வேறொரு மாத்திரை கொடுத்தார். அதே வாரம் காய்ச்சல். வீட்டில் கிடந்த காய்ச்சல் மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக அவரே போட்டுக்கொண்டார். இதயத்துக்காகத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மூட்டுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்பதுதான் அவர் மனக்கணக்கு. வலி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நான்காம் நாள் மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. எழுந்தவர் கண் இருட்டிக் கீழே விழுந்தார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண்ணும் ரத்தக் கசிவும் தெரிந்தன. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

அன்று இரவு எல்லா அட்டைகளையும் பரப்பி வைத்துப் பொடி எழுத்துகளைப் படித்தேன். மூட்டு மாத்திரையில் அசிக்ளோஃபெனாக் 100, பாரசிட்டமால் 325. பல் மாத்திரையில் இப்யூபுரோஃபென் 400, பாரசிட்டமால் 325. காய்ச்சல் மாத்திரை முழுக்கப் பாரசிட்டமால், 650. ஒரு நாள் கணக்கைக் கூட்டினேன். பாரசிட்டமால் மட்டும் 650, 975, 2600 என்று மொத்தம் 4225 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்ச அளவு 4000தான். எடை குறைந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கும் அதைவிடக் குறைவு. இதைத் தவிர, ஒரே வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகள் சேர்ந்து அவருடைய வயிற்றைப் பதம் பார்த்திருக்கின்றன.

அந்த வகையைத்தான் வாசகர்களுக்கு விளக்க வேண்டும். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மெஃபெனாமிக் அமிலம், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்து இவை வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் காட்டியவர் ஜான் வேன்; 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். இந்தக் குடும்பத்தில் இரண்டைச் சேர்த்து விழுங்கினால் வலி இரண்டு மடங்கு குறையாது. புண்ணும் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்புதான் கூடும். ஆஸ்பிரினுக்கு முன்னால் இப்யூபுரோஃபெனை வழக்கமாகச் சாப்பிட்டால், இதயத்துக்காக எடுக்கும் ஆஸ்பிரினின் பலனே குறைந்துபோகலாம். இதை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை.

சரி, அப்படியானால் எதையுமே சேர்க்கக் கூடாதா? சேர்க்கலாம். பாரசிட்டமால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. அது பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கிறது. அதனால் வேறு நோய் இல்லாத பெரியவர் ஒருவர் பாரசிட்டமாலையும் இப்யூபுரோஃபெனையும் உரிய அளவில், சில நாள்களுக்கு, ஒரே நேரத்திலோ மாற்றி மாற்றியோ சாப்பிடலாம். பல் பிடுங்கிய பிறகு வரும் வலிக்கு இரண்டில் ஒன்றை மட்டும் சாப்பிடுவதைவிட இந்தச் சேர்க்கை நன்றாகக் கேட்கிறது. மருத்துவர் சொல்லாமல் வாங்கும் இப்யூபுரோஃபெனுக்கு ஒரு நாள் எல்லை 1200 மில்லிகிராம், உணவுக்குப் பிறகு. உங்கள் கட்டுரை இந்த வழியையும் சேர்த்து அடைத்துவிட்டது. வலியால் துடிப்பவர் அதைப் படித்துவிட்டு, ஒரே மாத்திரையை அளவுக்கு மேல் போட்டுக்கொள்வாரோ என்பது என் பயம்.

வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களும், ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இப்யூபுரோஃபென் வகையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தத்துக்குச் சில மாத்திரைகளும் கூடவே நீர் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு இந்த வகை சிறுநீரகத்தைத் திடீரென முடக்கலாம். டிராமடால், கோடீன் போன்ற கடும் வலிக்கான மருந்துகளின் சங்கதி வேறு. தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்ந்தால் அவை மூச்சையே அடக்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சளி, தலைவலி மருந்துகள் பலவற்றில் பாரசிட்டமால் ஒளிந்திருக்கிறது. அது அளவு மீறினால் முதல் நாள் குமட்டலுக்கு மேல் எதுவும் தெரியாமல் போகலாம். உள்ளே கல்லீரல் பாழாகிக்கொண்டிருக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகக் கேட்கும். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் உடம்புக்கு ஏதாவது செய்யட்டும் பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்பாவின் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அந்த ஒரு வரியை அடுத்த இதழில் திருத்துங்கள். அப்புறம், இனி வலி மாத்திரை பற்றி எழுதும்போதெல்லாம் உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் ஒரு நாள் எல்லையையும் கட்டம் கட்டிப் போடுங்கள், வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில். என் அப்பா கண்ணாடி போட்டும் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க முடியாதவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி