செயலாளரின் ஆண்டறிக்கை: வாட்டர்லூ ஆண்டு

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, நாம் செய்து வண்ணம் பூசும் பொம்மைப் படையின் இந்த ஆண்டு வேலை முழுவதும் 1815இல் நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போரில் நின்ற பிரிட்டிஷ் குதிரைப்படைக்கும் பீரங்கிப்படைக்கும் என்று ஆனது. மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

வண்ணம் பூச உட்கார்ந்ததுமே விவாதம் கிளம்பியது. பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் சிவப்புச் சட்டைதானே, பீரங்கிக்காரர்களுக்கு மட்டும் ஏன் நீலம் என்று புதிய உறுப்பினர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. பீரங்கிப்படை தனிக் குடும்பம். சம்பளம், பதவி உயர்வு எல்லாம் ஆர்டனன்ஸ் போர்டு என்ற தனி அலுவலகத்தின் கையில். அது 1855 வரை நீடித்தது. குதிரைப்படையில் பணம் கட்டி அதிகாரி பதவி வாங்கலாம். பீரங்கிப்படையில் அது நடக்காது. வூலிச் பள்ளியில் கணக்குப் படித்துத் தேறி, பிறகு மூப்பு வரிசையில் காத்திருக்க வேண்டும். கெட்டிக்காரக் கேப்டன்கள் தலை நரைக்கும்வரை கேப்டன்களாகவே இருந்ததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

1793இல் தொடங்கிய ராயல் ஹார்ஸ் ஆர்ட்டிலரி என்ற குதிரைப் பீரங்கிப்படையில் பீரங்கி வீரர் எல்லோருக்கும் சவாரிதான். அதன் ஒரு பிரிவில், அதாவது ட்ரூப்பில், வழக்கமாக ஐந்து பீரங்கி, குண்டை உயர வளைத்து எறியும் ஒரு ஹௌவிட்சர். மற்ற பீரங்கிப் பிரிவுகளில் வீரர்கள் நடந்து போனார்கள். வண்டியோட்டிகளோ வேறொரு படையிலிருந்து வந்தவர்கள். ஹார்ஸ் ஆர்ட்டிலரி பொம்மைதான் நம்மைப் படுத்தியது. கறுப்புத் தோல் தலைக்கவசம், அதன் உச்சியில் முன்னிருந்து பின்னாகக் கரடித்தோல் முகடு, நீலச் சட்டையின் மார்பில் வரிவரியாக மஞ்சள் நாடா. மூன்று முடி உள்ள தூரிகை இருந்தால்தான் அந்த நாடா நேராக வரும்.

லைட் டிரகூன்கள் என்ற இலகுக் குதிரைப்படைக்கும் நீலச் சட்டைதான். 1812இல் அவர்களுடைய பழைய தலைக்கவசத்தை எடுத்துவிட்டு, ஷாகோ என்ற, மேலே அகன்ற உயரமான தொப்பி கொடுத்தார்கள். தூரத்தில் பார்த்தால் பிரெஞ்சுக்காரன் போலத் தெரியும் என்று பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் எரிச்சல்பட்டார். நம் மேசையிலும் அதே கதை. இரண்டடி தள்ளி நின்றால் யார் எந்தப் பக்கம் என்று குழப்பம்தான்.

அப்புறம் வேலூர்க் கோட்டைக்குப் போய்வந்தோம். அங்கே இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1806 ஜூலை 10 அன்று, அதை அடக்க ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி அழைத்து வந்த 19ஆம் லைட் டிரகூன்கள் இதே வகைப் படை. இந்தியாவில் அவர்களுக்குச் சாம்பல் கலந்த வெளிர் சட்டை, மஞ்சள் காலர். கூடவே குதிரை இழுத்து ஓடிவரும் சிறு பீரங்கிகள். கோட்டைக் கதவை உடைத்தது அவைதான். அந்த வாசலில் நின்று இதைப் பேசியபோது, உள்ளே கொல்லப்பட்ட சிப்பாய்களைப் பற்றியும் நீண்ட நேரம் பேசினோம். அவர்களையும் செய்து வைக்காமல் வேலூர்க் காட்சியை மேசையில் வைப்பது சரியாகாது என்று முடிவானது.

அடுத்த ஆண்டு அந்தக் காட்சியைத் தொடங்குகிறோம். வாட்டர்லூ குதிரைகள் கொஞ்சம் பாக்கி. சேணம் பூச ஆள் வேண்டும். வர விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்