ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்

நாகர்கோவில்

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் கிடைத்தது. மழையில் ரப்பர் வெட்டு நின்றுபோனதையும் அம்மாவின் முட்டுவலியையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதி முழுக்கத் தங்கச்சியைப் பற்றியே எழுதியிருக்கிறாய். இப்போதைக்கு அதுதான் அவசரம். அம்மாவைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம்.

அவள் கர்ப்பமான ஐந்தாம் மாதத்தில், வேலை பார்க்கும் இடத்தில் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டு, இப்போது 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று எழுதிக் கேட்கிறார்கள். பிரசவம் முடிந்து வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகவும் ஆசை காட்டுகிறார்கள். ஏட்டி, அந்தத் தாளில் அவள் கையெழுத்தே விழக்கூடாது. கர்ப்ப காலத்தில் வேலையை விட்டு நீக்கப்பட்டவளுக்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு. தானே விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால், நிர்ப்பந்தித்து வாங்கினார்கள் என்று நிரூபிக்கிற பாடு அவளுடையதாகிவிடும். கடைசிச் சம்பளம் தருகிறோம் என்று நீட்டுகிற 'எல்லாப் பாக்கியும் தீர்ந்தது' தாளுக்கும் இதே பதில்தான். ஒருவேளை ஏற்கெனவே போட்டிருந்தால், அன்றைக்கே 'வற்புறுத்தி வாங்கிய கடிதம், திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதி அனுப்பச் சொல்.

அவர்கள் ஏன் அந்தத் தாளுக்கு அலைகிறார்கள் என்று கணக்குப் போட்டால் தெரியும். அவளுக்குச் சம்பளம் 24,000. ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு மாதச் சம்பள வரம்பு 21,000 என்பதால் அவள் அதில் வரமாட்டாள். பேறுகாலப் பணத்தை நிர்வாகமே தரவேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தின் சராசரி நாள் சம்பளத்தை வைத்துத்தான் தொகை வரும். 30-ஆல் வகுத்தாலே நாளுக்கு 800, 182 நாளுக்கு 1,45,600 ரூபாய். வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள் என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் இருந்து போன ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு அது. ஆகையால் ஞாயிறைக் கழித்துக் கணக்குக் காட்டினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பேறுகாலச் சிகிச்சையை நிர்வாகம் இலவசமாகத் தராவிட்டால் மருத்துவ ஊக்கத்தொகை 3,500 தனி.

வேலையை விட்டு நிறுத்தினால் இந்தப் பணம் மிச்சம் என்று அவர்கள் நினைப்பது தப்பு. நீக்கப்படாவிட்டால் கிடைத்திருக்க வேண்டிய பேறுகாலப் பணம், நீக்கியதால் போய்விடாது. தேவை ஒன்றுதான்: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை. பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம் என்றால் அந்த 12 மாதத்தில் எட்டு மாதம் அவள் வேலை பார்த்திருக்கிறாள். 80 எப்போதோ தாண்டியிருக்கும். 'வேலை சரியில்லை' என்ற சாக்கு இங்கே செல்லாது. கடுமையான ஒழுங்கீனம் என்று எழுத்து மூலம் உத்தரவிட்டால் மட்டும்தான் பணத்தை மறுக்கலாம். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பேறுகாலப் பயன் தொடரும் என்று டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது.

இனி செய்யவேண்டியது. முதலில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம்: கர்ப்பமாக இருப்பது, மருத்துவர் குறித்த பிரசவத் தேதி, எந்தத் தேதியில் யார் வரவேண்டாம் என்றார், வேலைக்கு வரத் தயாராக இருப்பது, நீக்கியிருந்தால் எழுத்தில் உத்தரவு தரவேண்டும் என்பது. ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பி, அதையே மின்னஞ்சலிலும் போடட்டும். 'கருணை கூர்ந்து' என்று எழுதவேண்டாம். கெஞ்சல் கடிதம் பின்னால் அவர்களுக்குத்தான் உதவும்.

பிறகு சான்றுகள். பணி நியமன உத்தரவு, சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு அறிக்கை, பிஎஃப் பாஸ்புக், ஸ்கேன் அறிக்கை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்த பிக்மி (கர்ப்பப் பதிவு) எண். வாட்ஸ்அப் குழுவில் வரும் டூட்டி பட்டியலை இன்றைக்கே படம் எடுத்து வைக்கச் சொல்; குழுவில் இருந்து அவளை நீக்கிவிட்டால் புதிதாக எதுவும் கிடைக்காது.

நீக்கிய உத்தரவு கைக்கு வந்த நாளில் இருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். வாய்மொழி என்பதால் கெடு இல்லை என்று இருந்துவிடாதீர்கள். சொன்ன தேதியில் இருந்தே எண்ணுங்கள். இங்கே நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கவேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் சுற்றி இதே அலுவலகத்துக்குத்தான் வரும், நாட்கள்தான் போகும். மனுவில் 1961 மகப்பேறு நலச் சட்டம், 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இரண்டையும் குறிப்பிடட்டும். 2025 நவம்பர் 21-ல் இருந்து பழைய சட்டத்துக்குப் பதில் இந்தத் தொகுப்புதான் நடப்பு. பிரிவு எண்கள் மாறின, நான் மேலே சொன்ன உரிமைகள் அப்படியே இருக்கின்றன.

பணத்தையும் வேலையையும் ஒரே முடிச்சாகக் கட்டாதே. பணம் கேட்பது நேரான வழி. வேலையைத் திரும்ப வாங்குவது தொழில் தகராறு. சமரசப் பேச்சில் தொடங்கி இழுக்கும். குழந்தை பிறக்கும் முன் பணம் வரட்டும், மற்றது நடந்துகொண்டிருக்கட்டும். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை முன்கூட்டியே தரவேண்டும். மிச்சத்தை, பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்.

வக்கீல் செலவுக்குப் பயப்படவேண்டாம். நாகர்கோவில் நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். போனில் கேட்க 15100.

முந்திரி ஆலைக்குப் போகும் உன் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வழி வேறு. அவர்களுக்கு ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் பணம் ஈஎஸ்ஐயிடம் இருந்தே வரும், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒரு காலம் ஆறு மாதம்) 70 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால் போதும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்று பார்க்கச் சொல்.

சனிக்கிழமை தங்கச்சியை நியமன உத்தரவோடும் ஸ்கேன் அறிக்கையோடும் இங்கே அனுப்பு. மனுவை நான் எழுதித் தருகிறேன். தக்கலையில் இருந்து வருகிற பஸ்ஸில் நிற்கவிடாதே, முன்னால் சீட் கேட்டு உட்காரச் சொல்.

அன்புடன்,
ஜெயா