சிவனொளிபாதமலையின் வரலாறும் பேசப்படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழிப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கினால், கூட்ட நெரிசலும் பிளாஸ்டிக் குப்பையும்தான் செய்தியாகின்றன. அவையும் தேவையான செய்திகள்தான், சரி. ஆனால் 2,243 மீற்றர் உயரமுள்ள இந்தச் சிகரத்தின் வரலாற்றை எழுதுவோர் குறைவு.

நாட்டின் மிக உயர்ந்த மலை பீதுருதாலகால. ஆனாலும் கடல்வழி வந்தவர்களுக்கு இலங்கையின் அடையாளம் இந்தக் கூம்புச் சிகரம்தான். 1344இல் வந்த இப்னு பதூதா, கடலில் இருந்தபடியே இதைப் புகைத்தூண் போலக் கண்டதாக எழுதியிருக்கிறார். அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, பல்லக்கு கொடுத்து, யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு அனுப்பினார். ஆதம் நபியின் பாதம் காண வந்த முஸ்லிம் பயணிக்கு யாழ்ப்பாணத்து மன்னர் செய்த உதவி இது! செங்குத்தான பாறையில் பிடித்து ஏற அப்போதே இரும்புச் சங்கிலிகள் இருந்ததையும் அவர் குறித்திருக்கிறார்.

விடியலில் மேற்கே விழும் முக்கோண நிழலைப் பார்த்துப் பிள்ளைகள் வியக்கிறார்கள். இந்தக் கதையும் அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? நல்லதண்ணியில் ஏறத் தொடங்கும் இடத்திலேயே, பிழையில்லாத தமிழ் உட்பட மும்மொழியிலும் இதைச் சொல்லும் பலகையை வைக்க வேண்டும். அடுத்த பருவத்துக்கு முன் அதிகாரிகள் கவனிப்பார்களா? தங்கள் பத்திரிகையும் ஒரு தொடர் வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
மலையக வாசகர் ஒருவர்