தேவராஜ முதலித் தெருவில் ஒரு மதியம்

யாழினி அப்பாவுக்கு,

நேற்று டிக்கெட் போட்டுவிட்டேன். யாழினிக்குப் பரீட்சை முடிகிற அன்று ராத்திரியே மேட்டுப்பாளையத்தில் சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ், எனக்கும் அவளுக்கும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் கரண்ட் பில்லையும் யாழினியின் இருமலையும் தாண்டிப் பேசி ரொம்ப நாளாகிறது. நான் இங்கே எழுதுவதை நீங்கள் வேலை முடிந்து வந்து படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் அக்காவும் படிக்கிறார், இங்கே குன்னூரில் பாதிப் பேர் படிக்கிறார்கள். அதனால் சில இடங்களைச் சொல்லாமல் தாண்டிப் போவேன், உங்களுக்குப் புரியும்.

அந்த ஊரில் நாம் ஒரு நாள் முழுக்க நடந்தோமே, அதற்கு இந்த வாரம் 11 வருடம். விடிகாலையில் சென்ட்ரலில் இறங்கி, ராத்திரி அதே ரயிலில் திரும்ப வேண்டும், நடுவில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் பார்த்துவிட வேண்டும் என்பது உங்கள் கணக்கு. 6,000 அடி உயரத்தில் மேடும் பள்ளமுமாக நடந்து வளர்ந்தவளுக்குச் சமதரை என்ன செய்துவிடும் என்று நானும் கிளம்பிவிட்டேன். ரிப்பன் மாளிகை வெள்ளை வெளேரென்று நின்றது, கந்தகோட்டத்தில் கும்பிட்டோம், அப்புறம் நீங்கள் ஒவ்வொரு தெருவாகக் கூட்டிப் போனீர்கள். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை, கோடவுன் தெருவில் துணி, ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு. உங்கள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்த நாளைப் பற்றி நான் எல்லாரிடமும் சொல்லி வந்த கதை வேறு. வெயில், வியர்வை, புதுச் செருப்பு கடித்தது, ஆட்டோ வைக்கச் சொன்னேன், இவர் கேட்கவில்லை. நீங்கள் வேலைக்காகக் கீழே அந்த ஊருக்கே போன பிறகு, என்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அதே கதையைத்தான் எடுத்து வைத்தேன். எனக்கு அந்த ஊர் ஒத்துவராது என்றேன். அது உண்மையில்லை.

தேவராஜ முதலித் தெருவில், சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற ஒரு கடையின் படியில் நான் உட்கார்ந்துவிட்டேன், இல்லையா. குதிகாலுக்கு மேலே தோல் உரிந்து, செருப்பு வாரில் ரத்தம் ஒட்டியிருந்தது. நீங்கள் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து, கைக்குட்டையை நனைத்து, நடுத்தெருவில் குத்தவைத்து உட்கார்ந்து என் காலை எடுத்து உங்கள் முழங்கால் மேல் வைத்துக்கொண்டீர்கள். மீன்பாடி வண்டியில் அட்டைப்பெட்டி ஏற்றி வந்தவர் ஒருவர், தெருவே அடைபட்டு நிற்க, நீங்கள் துடைத்து முடிக்கும்வரை மணி அடிக்காமல் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். கடை வாசல் முழுக்கச் சின்னதும் பெரிதுமாகக் கண்ணாடி மாட்டியிருந்தது. எல்லாக் கண்ணாடியிலும் நீங்கள் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

காலை இழுத்துக்கொண்டேன். "சீ, என்ன இது, யாராவது பார்க்கப் போறாங்க" என்றேன். அந்தத் தெருவில் நம்மைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவார்கள். கல்யாணமாகி அப்பர் குன்னூர் வந்த பிறகும் மார்க்கெட்டில் யாரோடு நின்று பேசினேன் என்பது நான் மேடேறி வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். அப்படிப் பழகிய உடம்பு அது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் உங்கள் கை அப்படியே நின்றதே, அதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

ஆனால் நீங்களும் அந்த ஒரு வார்த்தையை 11 வருடமாக வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அன்றைக்குப் பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நம் வீட்டு வாசலில் என் தோளில் கை வைத்திருந்தால் நான் தட்டிவிட்டிருப்பேனா? கேட்டுப் பார்த்தீர்களா? வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னீர்கள். அந்த மார்ச் மாதத்தைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

நான் வராததற்கு இன்னொரு காரணம் அம்மா. அதை நான் உங்களிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தாத்தா குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்து மறுபடியும் அதே தேயிலைக் கொழுந்தைக் கிள்ளியவர்கள். பிறந்த வீட்டைப் பூட்டாமலே விட்டு வந்தோம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். எனக்கு இடம் மாறுவது என்றாலே வயிற்றைப் பிசையும். அன்று சாயங்காலம் பர்மா பஜாருக்குப் பின்னால் தட்டில் அத்தோ என்கிற நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தீர்கள், வாழைத்தண்டு சூப்போடு. பர்மாவிலிருந்து அறுபதுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு என்றீர்கள். அந்தக் கடைக்காரம்மா வெங்காயத்தையும் கோஸையும் கையாலேயே பிசைந்து, சிரித்துக்கொண்டே எனக்கு இரண்டாம் முறை சூப் ஊற்றினார். இவர்களும் எங்களைப்போலத்தானே, எப்படி இவ்வளவு சாதாரணமாக நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் சாப்பிடாததைப் பார்த்து எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தீர்கள். பிடித்திருந்தது. அன்றைக்கு எல்லாமே பிடித்திருந்தது.

இப்போதைக்கு பத்து நாள் வருகிறேன். வீடு பார்த்து வைக்க வேண்டாம், பள்ளிக்கூடத்தில் விசாரிக்கவும் வேண்டாம். அம்மாவை என்ன செய்வது என்று நேரில் பேசுவோம், அதுவரை அண்ணியிடம் எதுவும் முடிவாகச் சொல்லாதீர்கள்.

ஒரு நாள் மட்டும் லீவு போடுங்கள். யாழினிக்கு அந்தத் தெருவைக் காட்ட வேண்டும், மிச்சத்தை நீங்களே கூட்டிப் போங்கள். அவள் கால் வலிக்கிறது என்று சொன்னால் உடனே ஆட்டோ பிடிக்க வேண்டும். நான் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

அம்மா உங்களுக்கு ஒரு கிலோ டீத்தூள் கட்டி வைத்திருக்கிறார். அங்கே பால் காய்ச்ச ஒழுங்கான பாத்திரம் இருக்கிறதா, இல்லை இங்கிருந்தே எடுத்து வரட்டுமா? அதை மட்டும் இன்று ராத்திரி போனில் சொல்லுங்கள்.