4கே எனச் சொல்லி விற்கப்பட்ட ரிசீவரையும் கேபிளையும் மாற்றித் தருமாறு கோரும் புகார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025 ஒக்டோபர் 14

பொது முகாமையாளர்,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

கடந்த ஓகஸ்ட் 2 ஆம் திகதி சனிக்கிழமை, தங்கள் நிறுவனத்தின் காலி வீதிக் காட்சியறையில் 4கே எனப்படும் மிகத் தெளிவான படத்தைக் காட்டும் 65 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி, 4கே புளூ-ரே வட்டு பிளேயர், பிளேயரின் படத்தைத் தொலைக்காட்சிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் ஏவி ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் அடங்கிய ஒலித் தொகுதி, படத்தையும் ஒலியையும் கடத்தும் 12 மீற்றர் நீளமான எச்டிஎம்ஐ கேபிள் ஆகியவற்றை வாங்கினேன். பொருத்தும் கூலியும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் உட்பட 986,400 ரூபாவை அன்றே முழுமையாகச் செலுத்தினேன். இரண்டு மாதங்களுக்கு மேலாகிவிட்டது. தங்கள் ஊழியர்கள் பொருத்திவிட்டுப் போன விதத்தில், இந்தத் தொகுதி ஒரு நாளாவது 4கே படத்தை என் திரைக்குக் கொண்டுவந்ததில்லை. காட்சியறைக்கு நேரில் சென்றும், தொலைபேசியில் பேசியும், மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பியும் தீர்வு கிடைக்காத நிலையிலேயே இதை நேரடியாகத் தங்களுக்கு எழுதுகிறேன்.

நான் 1986 முதல் 2019 வரை உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் மொழிமூலம் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். பல்கலைக்கழக மாணவியாக 1982 இல் வில்பத்துவுக்குச் சென்றபோது, அந்தி நேரத்தில் ஒரு பாலை மரத்தின் கிளையில் சிறுத்தையொன்று படுத்திருந்ததை வெகுநேரம் பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் வால் அசைந்த பின்னரே இலை நிழல் எது, உடற்புள்ளி எது என்று பிரித்தறிந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அப்படியொரு வாய்ப்புக் கிடைக்கவில்லை. யுத்த காலத்தில் வில்பத்து பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. மூடப்படாத காடுகளுக்கும் தமிழ்ப் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. ஆகவே கரும்பலகையும் நிறம் மங்கிய சுவர்ப் படங்களுமே எங்கள் காடாக இருந்தன.

சென்ற ஆண்டு எனக்கு இரண்டு கண்களிலும் கண்புரை சத்திரசிகிச்சை நடந்தது. கண்புரை முதிரும்போது வில்லை மஞ்சளாகி நீல ஒளியை மறித்துவிடும் என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் கட்டு அவிழ்த்த மறுநாள் காலையில் எங்கள் மாடியிலிருந்து கடலைப் பார்த்தபோது, இத்தனை நீலத்தை இழந்துதான் இவ்வளவு காலமும் வாழ்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. முழங்கால் வலியால் இனிக் காட்டுக்குப் போக முடியாது. ஆகவே பணிக்கொடையில் எஞ்சியிருந்த சேமிப்பிலிருந்து, இயற்கை ஆவணப்படங்களை அவற்றுக்குரிய தெளிவுடனும் நிறத்துடனும் பார்ப்பதற்கென்றே பழைய தொலைக்காட்சியை மாற்றத் தீர்மானித்தேன். எங்கள் தொடர்மாடியிலுள்ள ஏழெட்டுப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என்னோடு இருந்து பார்ப்பார்கள்.

இதை எல்லாம் வாங்கும்போதே தங்கள் விற்பனையாளரிடம் சொன்னேன். நான் பார்க்கப்போவது இணையத்தில் வரும் படங்கள் அல்ல, 4கே புளூ-ரே வட்டுகள் என்பதையும் குறிப்பிட்டேன். இணையச் சேவைகள் 4கே படத்துக்குக் கேட்பது விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் அளவுதான். வட்டோ உச்சமாக 128 மெகாபிட் வரை கொடுக்கும். பறவைக் கூட்டம் எழும்பும்போதும் மழை பெய்யும்போதும் அந்த வேறுபாடு படத்தில் தெரியும். அதற்காகவே வட்டு பிளேயரைத் தனியாக விலை கொடுத்து வாங்கினேன். “இந்த ரிசீவர் முழு 4கே, எச்டிஆர் எல்லாம் போகும், மிஸ்” என்று அவர் உறுதியாகச் சொன்னார். எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் முறை. பற்றுச்சீட்டிலும் “4கே ஏவி ரிசீவர்”, “4கே எச்டிஎம்ஐ கேபிள்” என்றே அச்சிடப்பட்டிருக்கிறது.

ஓகஸ்ட் 9 ஆம் திகதி இரண்டு ஊழியர்கள் வந்து பொருத்தினார்கள். கேபிளைச் சுவரைக் கொத்திக் குழாயில் செலுத்தி, மேலே சாந்து பூசி மூடினார்கள். அன்று மாலையே ஒரு காட்டுக் காட்சியில், திரையின் இடப்பக்கமாகப் பறந்து மறைந்த பறவையின் குரல் எனக்குப் பின்னால் வலப்பக்கத்தில் கேட்டது. ரிசீவரின் சோதனை ஒலியை இயக்கிப் பார்த்தபோது பின்புற ஸ்பீக்கர்கள் இரண்டின் வயர்களும் இடம் மாறியிருந்தது தெரிந்தது. என் அக்காவின் மகன் வந்து பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தான். இதற்காக நான் எதுவும் கோரவில்லை. பொருத்திய பின் ஒருமுறை சோதித்துப் பார்க்கும் வழக்கம் தங்கள் ஊழியரிடம் இல்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

படத்தின் குறை அப்படிச் சிறியதன்று. 2017 இல் ஒளிபரப்பான பிபிசியின் ‘ப்ளூ பிளானட் 2’ தொடரின் 4கே வட்டைத்தான் முதலில் போட்டேன். அதிலே கடற்பாசிக் காட்டில் வாழும் ஒக்டோபஸ் ஒன்று, சுறாவிடமிருந்து தப்புவதற்காகத் தன் உறிஞ்சிகளால் சிப்பி ஓடுகளைப் பொறுக்கி உடலைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். எந்த ஓட்டை எந்தக் கை பிடித்திருக்கிறது என்று பிள்ளைகள் எண்ண வேண்டும் என்பது என் ஆசை. திரையில் ஓடுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. அதைவிட என்னை வருத்தியது கடலின் நீலம். மேலே வெளிர்நீலமாகத் தொடங்கி ஆழத்தில் கருநீலமாக முடிய வேண்டிய நீர், சாயம் தோய்த்த சேலை போல் பட்டை பட்டையாகத் தெரிந்தது. ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் கோட்டை விரல் வைத்துக் காட்டலாம். ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்தியபோது, திரையின் மூலையில் 1920 x 1080 என்று தோன்றியது. எச்டிஆர் குறி தோன்றவேயில்லை. 3840 x 2160 ஆக, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகளாக வர வேண்டிய படம், அதன் காற்பங்காகச் சுருங்கி வந்துகொண்டிருந்தது.

ஓகஸ்ட் 23 இல் வந்த தங்கள் தொழினுட்பவியலாளர், தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ உள்ளீட்டில் முழுத் தரத்துக்கான அமைப்பு முடக்கப்பட்டிருந்ததைக் கண்டு அதை இயக்கினார். அது பொருத்திய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் படம் மாறவில்லை. செப்டெம்பர் 13 இல் அவர் மீண்டும் வந்தபோது, என் வேண்டுகோளின்படி மூன்று விதமாகச் சோதித்தோம். பிளேயரைத் தொலைக்காட்சிக்கு அருகே கொண்டுபோய், அதனுடன் வந்த குறுகிய கேபிளால் நேரடியாக இணைத்தபோது உடனே 3840 x 2160 என்றும் எச்டிஆர் என்றும் வந்தது. பட்டைகள் மறைந்து நீலம் ஒரே நீராக ஓடியது. பிறகு பிளேயரை அதன் அலுமாரியில் வைத்து, சுவருக்குள் இருக்கும் நீளக் கேபிளால் ரிசீவரைத் தவிர்த்து இணைத்தபோது, 4கே படம் வந்தாலும் அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள் மின்னின; சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரை முழுவதும் இருண்டு இரண்டு மூன்று விநாடிகள் கழித்து மீண்டது. ரிசீவர் வழியாக இணைத்தபோது மறுபடியும் 1920 x 1080. அந்த இளைஞர் மிகவும் பண்பாக நடந்துகொண்டார், நான் கேட்ட ஒவ்வொன்றையும் செய்தார். ஆனால் சேவைக் குறிப்பில் “சாதனத்தில் குறையில்லை” என்று எழுதும்படியே தமக்கு மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டதாகக் கூறி, அப்படியே எழுதிக் கையொப்பமிட்டுச் சென்றார்.

குறை எங்கே என்பது இந்தச் சோதனையிலேயே வெளிப்பட்டுவிட்டது. அந்த ரிசீவரின் பின்புற ஒட்டியில் தயாரிப்பு ஆண்டு 2014 என்றிருக்கிறது. அதன் கையேட்டின்படி அதிலுள்ள இணைப்புகள் எச்டிஎம்ஐ 1.4 தரத்தைச் சேர்ந்தவை. விநாடிக்கு 30 படச்சட்டங்களுக்கு (ஃபிரேம்) மேற்பட்ட 4கே படம் அதன் வழியே போகாது. 60 படச்சட்டங்கள் வரை கொண்டுசெல்லும் எச்டிஎம்ஐ 2.0 தரம் 2013 இலேயே வந்துவிட்டது. இதைவிட முக்கியமானது, எச்டிசிபி 2.2 என்ற நகல் பாதுகாப்பு முறை அதில் இல்லாமை. 4கே வட்டின் படத்தை வெளியே விடுமுன் பிளேயர், வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் அந்த முறையை அறிந்ததா என்று விசாரிக்கும். ஒரு கருவி அறியாவிட்டாலும் படத்தை 1080 ஆகக் குறைத்துவிடும். அதோடு எச்டிஆரும் போய்விடுகிறது, ஒவ்வொரு நிறத்துக்கும் இருக்க வேண்டிய 1024 படிகள் 256 ஆகிவிடுகின்றன. என் கடல் பட்டை பட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுவே. கேபிளைப் பொறுத்தவரை, அதன் உறையில் “ஹை ஸ்பீட்” என்று மட்டுமே அச்சிடப்பட்டிருக்கிறது. விநாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் எனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்டவை “பிரீமியம் ஹை ஸ்பீட்” என்ற முத்திரையோடு வருபவை. 12 மீற்றர் தூரத்துக்குச் சாதாரணச் செம்புக் கேபிள் அந்த வேகத்தைத் தாங்குவது அரிது. அதற்கென ஒளியிழைக் கேபிள்கள் இருக்கின்றன. சுவரைக் கொத்துவதற்கு முன் இதை அறிந்திருக்க வேண்டியவர்கள் தங்கள் ஊழியர்கள்.

இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 2022 இல் நான் வாங்க வந்து, பழைய இருப்பைத் தவிர வேறு பொருள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன், அல்லது காத்திருந்திருப்பேன். பதினொரு ஆண்டு பழைய கருவியைப் புதியது என்ற விலையில், வயதைச் சொல்லாமல் விற்றதை என்னால் ஏற்க முடியவில்லை.

தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு முதலில் என் இணைய வேகத்தைக் குறை சொன்னது. வட்டுக்கும் இணையத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதியபோது, வட்டு தரமற்றதாக இருக்கலாம் என்றது. அதே வட்டு நேரடி இணைப்பில் சரியாக ஓடியதைத் தங்கள் ஊழியரே கண்டிருக்கிறார். இறுதியாகச் செப்டெம்பர் 20 இல் நான் காட்சியறைக்குச் சென்றபோது, அங்கிருந்த முகாமையாளர், “உங்கட வயசில கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது அன்ரி, சும்மா கவலைப்படாதீங்க” என்றார். வேறு வாடிக்கையாளர்களும் நின்றார்கள். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். 65 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 144 சென்ரிமீற்றர். 1080 படத்தின் ஒரு வரிசையிலுள்ள 1920 புள்ளிகளால் அதைப் பிரித்தால், ஒரு புள்ளியின் அகலம் முக்கால் மில்லிமீற்றர் வரும். சாதாரணப் பார்வையுள்ள கண் அந்த அளவை ஏறத்தாழ இரண்டரை மீற்றருக்கு உள்ளேயிருந்து பிரித்தறியும். என் கதிரை திரையிலிருந்து 2.1 மீற்றரில் இருக்கிறது. நாடா பிடித்து அளந்தேன். சத்திரசிகிச்சைக்குப் பின் என் பார்வை 6/6, அதாவது இயல்பானது என்று கண் வைத்தியர் எழுதித் தந்திருக்கிறார். தெரியாது என்று சொன்னவர் என் கண்ணையும் அறியார், தாம் விற்கும் பொருளையும் அறியார்.

பிளேயரைத் தொலைக்காட்சியில் நேரடியாக இணைத்து, ஒலியை மட்டும் ஏஆர்சி என்ற, தொலைக்காட்சியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் வழியாக ரிசீவருக்குத் திருப்பிக் கொள்ளலாம் என்று செப்டெம்பர் 29 இல் ஒரு மாற்று யோசனை மின்னஞ்சலில் வந்தது. அந்த வழியில் வட்டிலுள்ள இழப்பற்ற பல்வழி ஒலி வராது. சுருக்கப்பட்ட ஒலியே வரும். கண்ணுக்குக் கொடுப்பதைக் காதிலிருந்து பிடுங்குவது தீர்வாகாது. மேலும் பிளேயரைத் தொலைக்காட்சிக்கு அருகே வைப்பதானால், சுவரைக் கொத்தி அலுமாரி வரை கேபிள் இழுத்த செலவே வீண்.

ஆகவே எச்டிஎம்ஐ 2.0 அல்லது அதற்கு மேற்பட்ட தரமும், நான் பயன்படுத்தும் உள்ளீடுகளிலும் தொலைக்காட்சிக்கான வெளியீட்டிலும் எச்டிசிபி 2.2 உம், எச்டிஆர் கடத்தும் திறனும் கொண்ட புதிய ரிசீவர் ஒன்றை மேலதிகக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். சுவருக்குள் இருக்கும் கேபிளை அகற்றி, அந்தத் தூரத்துக்குப் பொருத்தமான, 18 கிகாபிட் தாங்கும் கேபிளை இட்டு, சுவரைப் பழையபடி பூசி வர்ணமடித்துத் தர வேண்டும். வேலை முடிந்ததும் என் முன்னிலையில் அதே வட்டைப் போட்டு, திரையில் 3840 x 2160, எச்டிஆர் என்று காட்டிய பின்னரே நான் கையொப்பமிடுவேன். இது தங்களால் இயலாதெனில், ரிசீவருக்கும் கேபிளுக்கும் பொருத்தும் கூலிக்கும் நான் செலுத்திய 318,600 ரூபாவைத் திருப்பித் தந்தால், வேறிடத்தில் வாங்கிக்கொள்கிறேன். தொலைக்காட்சி, பிளேயர், ஸ்பீக்கர்கள் பற்றி எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. அவை நல்ல பொருட்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு அந்தக் காலம் நவம்பர் 2 இல் முடிகிறது. ஆகவே ஒக்டோபர் 27 திங்கட்கிழமைக்குள் தங்கள் எழுத்துமூலப் பதில் கிடைக்காவிட்டால், மறுநாளே முறைப்பாட்டைச் சமர்ப்பிப்பேன். பற்றுச்சீட்டின் பிரதி, ரிசீவரின் பின்புற ஒட்டியினதும் கேபிள் உறையினதும் படங்கள், மூன்று சோதனைகளின்போதும் திரையில் தோன்றிய தகவலின் படங்கள், தங்கள் ஊழியர் கையொப்பமிட்ட சேவைக் குறிப்பின் பிரதி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

பாடசாலை விடுமுறை டிசெம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் பிள்ளைகளுக்கு அந்த ஒக்டோபஸைக் காட்ட வேண்டும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
வெள்ளவத்தை.