அக்காவுக்கு, அம்மாவின் கழுத்து விஷயமாக

அக்கா,

வருகிற வியாழனோடு அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம். போனில் இதைப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருத்தி பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். ஊரே படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். நான் அவசரப்பட்டு அம்மாவை ஆபரேஷனுக்குத் தள்ளிவிட்டேன் என்று நீ குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதியதையும் ஊரேதான் படித்தது. சித்தி வீட்டு மருமகள் வரைக்கும் எனக்குப் போன் போட்டு துக்கம் விசாரித்தாள். என் பக்கத்தையும் அவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததை எழுதப் போவதில்லை. அத்தான் சொன்னதும் நான் திருப்பிச் சொன்னதும் நமக்குத் தெரியும், அது போதும். பணக் கணக்கும் இங்கே வேண்டாம். காப்பீடு போக மீதியை யார் கட்டினார்கள் என்று கேட்கிறவர்கள் அம்மாவிடம் நேராகக் கேட்கட்டும்.

போன மாதம் நீ சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். "கழுத்தை அறுத்து ஒரு வருஷம் ஆகப் போகுது, என்ன மாறிடுச்சு? அப்படியேதானே இருக்கா!"

நீ வராத அந்த ஓபி நாளை உனக்குச் சொல்ல வேண்டும். உன் பையனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை, உன்னால் வர முடியவில்லை. சரி.

அதற்கு முன்னால் இரண்டு வருடம் போல அம்மாவின் மரத்துப்போன விரல்களுக்கு எல்லாரும் சர்க்கரையைத்தான் காரணம் சொன்னார்கள். மாத்திரையை மாற்றினார்கள், சத்து ஊசி போட்டார்கள், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, அங்கே சின்ன ஆபரேஷன் செய்யலாம் என்றார் ஒருவர். ஒருத்தர்கூட முட்டியில் சுத்தியலால் தட்டிப் பார்க்கவில்லை. இந்த நரம்பு அறுவை நிபுணர் வந்ததும் வராததுமாக அதைத்தான் செய்தார். அம்மாவின் கால் உதைக்கிற மாதிரி துள்ளியது. சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தால் இந்தத் துள்ளல் குறையும், இல்லாமலே போகும், இப்படி அதிகமாகாது என்றார். அம்மாவின் நடுவிரல் நகத்தைப் பிடித்துச் சுண்டினார், கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. "நான் ஆட்டலையே டாக்டர்" என்றாள், ஏதோ திருடு பிடிபட்ட மாதிரி. உள்ளங்காலில் கீறியபோது பெருவிரல் மேலே தூக்கியது. கைக்குழந்தைகளுக்கு அப்படித் தூக்கலாமாம், பெரியவர்களுக்குத் தூக்கினால் மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்குகிற பாதையில் எங்கோ கோளாறு.

அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "விரலை முழுசா மடக்கி முழுசா விரிங்கம்மா. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா. பத்து செகண்ட்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அப்படியே கண் முன்னால் வந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கேதானே போவோம். அம்மா கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு "ஸ்டார்ட்" என்றதும் ஒரு டஜன் மெஷின்கள் ஒன்றாகத் தடதடக்குமே. ஹையர் பரீட்சைக்கு நிமிடத்துக்கு 45 வார்த்தை, லோயருக்கு 30. ஒரு வார்த்தை குறைந்தாலும் "நாளைக்கு வா" என்று அனுப்பிவிடுவாள், சொந்த மகளாக இருந்தாலும். அந்த அம்மா அன்றைக்குப் பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி விரல்களை மடக்கி விரித்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே செய்தாள். வலது கை பதினொன்று, இடது கை ஒன்பது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மற்ற விரல்களோடு சேராமல் விலகி விலகி நின்றன.

"எத்தனை வரணும் டாக்டர்?"

"இருபதாவது வரணும்மா."

"அப்போ ஃபெயிலா?"

அவர் சிரிக்கவில்லை. "கையில ஒண்ணும் இல்லம்மா. பிரச்சினை கழுத்துல" என்றார். எனக்குக் கழுத்து வலியே கிடையாதே என்று அம்மா சண்டைக்குப் போனாள். பிற்பாடு நீயும் அதையே சொன்னாய். கழுத்து வலியே இல்லாமல் தண்டுவடம் நசுங்குகிறவர்கள் நிறையப் பேர், அதனால்தான் கண்டுபிடிக்க இவ்வளவு நாளாகிறது என்று அவர் சொன்னதை அன்று இரவே உனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நீ கேட்டாயா இல்லையா, தெரியாது.

ஜாக்கெட் கொக்கி மாட்ட முடிகிறதா, சாதத்தைப் பிசைந்து சாப்பிட முடிகிறதா, படி இறங்கக் கைப்பிடி வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். தண்டுவடம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்க ஜப்பானிய எலும்பு மருத்துவர்கள் 1975இல் போட்ட மதிப்பெண் முறையாம் இது. அங்கே சாப்ஸ்டிக் பிடிக்க முடிகிறதா என்று கேட்பார்கள், மற்ற நாடுகளில் அதைக் கரண்டி, சட்டை பட்டன் என்று மாற்றிக்கொண்டார்கள். நம் டாக்டர் பிசைந்த சாதத்துக்கு மாற்றிக்கொண்டார். மொத்தம் 18 மார்க், குறையக் குறைய மோசம்: கைக்கு 5, காலுக்கு 7, தொடு உணர்வுக்கு 3, சிறுநீருக்கு 3. கடைசிக் கேள்விக்கு அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பது இங்கே எழுதுகிற விஷயம் இல்லை.

கொக்கி மாட்ட முடியாததால்தான் அம்மா பகலெல்லாம் நைட்டியில் இருந்தாள், அக்கா. வயசான காலத்தில் சோம்பேறித்தனம் என்று நீ சொன்னாயே, அதற்கு அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முடியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அம்மாவுக்கு 12 மார்க். எம்ஆர்ஐயையும் சிடியையும் நீ பார்த்தாய், அத்தான் யாரிடமோ காட்டியும் கேட்டார். "எல்லாருக்கும் இருக்கிற எலும்புத் தேய்மானம்தான்" என்று அந்த யாரோ சொன்னாராம். தேய்மானம் எல்லாருக்கும்தான். எனக்கும் இருக்கும், உனக்கும் இருக்கும். அம்மாவுக்கு அதோடு நிற்கவில்லை. எலும்புகளுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் நார் எலும்பாகவே கெட்டிப்பட்டுப் போயிருந்தது. ஜப்பானில்தான் இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள், ஆனால் நம் ஊரிலும் உண்டு. தண்டுவடம் போகிற குழாய் கழுத்தில் முன்னுக்குப் பின்னாக சுமார் 17 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 13க்குக் கீழே வந்தாலே குறுகல் என்பார்கள். அம்மாவுக்கு ஓர் இடத்தில் 7. அந்த இடத்தில் தண்டுவடத்துக்குள்ளேயே வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது. நசுங்கி நசுங்கி அது காயப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அவசரப்பட்டேன் என்கிறாய். அம்மாவுக்கு 15க்கு மேல் வந்திருந்தால் நானும் உன் பக்கம்தான் நின்றிருப்பேன், நம்பு. 2017இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையும் அதுதான்: 15 முதல் 17 வரை லேசான நிலை, ஆபரேஷனும் செய்யலாம், கண்காணிப்போடு பிசியோதெரபி செய்தும் பார்க்கலாம். 12 முதல் 14 வரை நடுத்தரம், அதற்கும் கீழே கடுமை. இந்த இரண்டுக்கும் ஆபரேஷன்தான். ஆபரேஷன் இல்லாமல் விட்டவர்களைப் பல ஆய்வுகளில் பின்தொடர்ந்து பார்த்தபோது மூன்று முதல் ஆறு வருடத்துக்குள் 20 முதல் 60 சதவீதம் பேருக்கு நிலைமை மோசமாகியிருக்கிறது. அதுவும் படிப்படியாக. கொஞ்ச நாள் ஒன்றும் ஆகாது, திடீரென்று ஒரு படி இறங்கும். இறங்கிய படியில் திரும்ப ஏறுவதற்கு உத்தரவாதம் இல்லை. பாத்ரூமில் ஒரு தடவை வழுக்கி விழுந்தால் ஒரே நாளில் எல்லாப் படியும் இறங்கிவிடலாம்.

இந்த லட்சணத்தில் நீ அம்மாவைக் கழுத்துச் சொடுக்கெடுப்பவரிடம் அழைத்துப் போனாய். நல்லெண்ணத்தில்தான் போனாய், உன் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த ஸ்கேன் படத்தைப் பார்த்த பிறகு, அந்தக் கழுத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது. அதை மறக்க எனக்கு இன்னும் நாளாகும்.

முன்பக்கம் தொண்டை வழியாகப் போய் டிஸ்க்கை எடுக்கிற ஆபரேஷனை உன் சிநேகிதி கணவருக்குச் செய்தார்கள், மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார் என்று ஒப்பிட்டாய். அவருக்கு இருந்தது ஒரு டிஸ்க். அம்மாவுக்கு நீளமாக எலும்பான நார். அதை முன்னாலிருந்து செதுக்கப் போனால் தண்டுவடத்தின் உறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், உறை கிழிந்து நீர் கசியலாம். அம்மாவின் கழுத்து இயல்பான வளைவோடு இருந்ததால் பின்பக்கமாகப் போனார்கள். முன்பக்கம் குனிந்து போன கழுத்தாக இருந்தால் அதுவும் சரிப்பட்டிருக்காது. பின்னால் இருக்கிற எலும்பு வளைவுகளை ஒரு பக்கம் முழுதாக அறுத்து, மறுபக்கம் பாதி மட்டும் தேய்த்து, கதவு மாதிரி திறந்து வைத்து, மூடிக்கொள்ளாமல் இருக்கச் சின்னச் சின்ன டைட்டானியம் தகடு வைத்தார்கள். தண்டுவடம் பின்னால் நகர்ந்துகொள்ள இடம் கிடைக்கும். ஹிராபயாஷி என்ற ஜப்பானியர் 1970களில் கொண்டுவந்த முறை. "கழுத்தை அறுத்து" என்று நீ சொல்வதெல்லாம் இதைத்தான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை நீ பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாய். அன்றைக்குத்தானா அம்மாவுக்கு இடது கை தோளிலிருந்து தூக்க வராமல் போக வேண்டும்! தலை சீவ சீப்பைத் தூக்க முடியாமல் அம்மா முழித்ததை நீ பார்த்தாய். "நல்லா இருந்த கையையும் கெடுத்துட்டியேடி" என்றாய். நர்ஸ்கள், பக்கத்துப் படுக்கைக்காரர்கள், எல்லாருக்கும் முன்னால்.

கழுத்தின் ஐந்தாவது நரம்பு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில பேருக்கு இப்படிச் சோர்ந்துபோகும். நூற்றில் ஐந்து பேர் போல. உடனே வராது, சில நாள் கழித்தும் வரும். பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் மெதுவாகச் சரியாகும். இது எனக்கு முன்னாலேயே தெரியும். உன்னிடம் சொல்லாததற்கு வருத்தப்படுகிறேன். வருத்தப்படுகிறேனே தவிர, நீயும் நானும் மட்டும் என்றால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது நான் இல்லை, அக்கா. ஒரு வருடமாக நீ எல்லாரிடமும் "அவதான் கையெழுத்துப் போட்டா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் சாட்சிதான். டாக்டர் அம்மாவிடம் அந்த ஐந்து சதவீதத்தைச் சொன்னார், கிருமித் தொற்று, ரத்தக் கசிவு, மோசமாகவும் போகலாம் என்பது எல்லாவற்றையும் சொன்னார். போன கை திரும்ப வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், இதுக்கு மேல போகாம நிறுத்தப் பார்க்கிறேன், கூட வந்தா லாபம் என்றார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுந்து நானே பாத்ரூம் போற வரைக்கும்தான் எனக்கு வாழ்க்கை. பண்ணிடுங்க" என்றாள். பேனாவைப் பிடிக்க விரல் சொன்னபடி கேட்கவில்லை. அந்தக் கோணல் கையெழுத்து அவளுடையது. வெளியே வந்ததும், "பெரியவகிட்ட ஒண்ணும் சொல்லாத, அவ ராத்திரியெல்லாம் அழுவா" என்றாள். அதனால்தான் இத்தனை நாள் உன் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் அம்மாவே "இனிமே சொல்லு" என்றாள். உன் மேல் அவளுக்கு இருக்கிற அக்கறையைப் பார்த்து எனக்கு எரிச்சல் வராமல் இல்லை. எனக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வந்ததா? அதை யாரும் கேட்கவில்லை.

இப்போது அம்மாவுக்கு 14. இரண்டு மார்க்தான் கூட. இடது கை தோளுக்கு மேலே போகிறது. கொக்கி மாட்டுகிறாள், நேரம் எடுக்கும். விரல் நுனி இன்னும் மரமரப்புதான், அது போகாது போலிருக்கிறது. ஈரத் தரையில் கம்பு வேண்டும். நீ போன தீபாவளிக்கு பார்த்ததும் ஏறக்குறைய இதையேதான். ஆனால் பன்னிரண்டிலிருந்து இறங்கவில்லை. அம்மா கேட்டது அதைத்தான், டாக்டர் ஒப்புக்கொண்டதும் அதைத்தான். "அப்படியேதானே இருக்கா" என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்கிய பிறகு, ஆமாம், அப்படியேதான் இருக்கிறாள் என்று சந்தோஷமாகவும் இருந்தது. உன்னிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

பொங்கலுக்கு அம்மா உன் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்கிறாள். நான் தடுக்கவில்லை. பஸ் வேண்டாம், ரயிலில் லோயர் பெர்த் போடு. கீழே உட்கார்கிற கழிப்பறை அவளுக்குச் சரிவராது, உங்கள் முன் பாத்ரூமைக் கொடு, அங்கே ஒரு கைப்பிடி அடித்துவிடச் சொல். ரப்பர் பந்து பயிற்சி காலை, மாலை இரண்டு வேளையும், அவள் ஏமாற்றுவாள், பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வை. நீ சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் கேட்பதில்லை.

கழுத்தில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, மசாஜ், சொடுக்கு, எண்ணெய் நீவுதல் எதுவும் கிடையாது. அத்தானிடமும் சொல்லிவிடு. இதற்கு மட்டும் "சரி" என்று நீ பதில் எழுதினால்தான் டிக்கெட் போடுவேன்.

உன் தங்கை